வக்கீல் பிள்ளையும் கோரல் மில்லும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், வழக்கமான ஹாஸ்டல் கதையாக இல்லாமல் நம் பிள்ளைகளும் எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். தூத்துக்குடியில் படித்த நமக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது, ரோடு அவர் பெயரில் இருக்கிறது, 2011 முதல் துறைமுகமும் அவர் பெயரில் இருக்கிறது. கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஆனால் நான் எழுதப் போவது கப்பலைப் பற்றி அல்ல, மில்லைப் பற்றி.

நான் மணப்பாட்டுக்காரன். எங்கள் ஊரில் வ.உ.சி. என்றாலே கப்பல்தான். அதில் ஆச்சரியம் இல்லை. கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போய் வந்தவர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள் இன்றும் எங்கள் தெருக்களில் நிற்கின்றன. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன கப்பல் எங்களுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போகிற வண்டி மாதிரி. அந்தக் கடலில் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாக ஒரு தமிழன் கப்பல் விட்டான் என்றால் கடற்கரை ஜனங்கள் மறப்பார்களா? ஆனால் அதே மனுஷன் அதே ஊரில் ஒரு பஞ்சாலை வாசலில் நின்று செய்த காரியத்தை எங்க ஊர்ப் பெரியவங்க யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

போன தடவை நாம் கூடியபோது நடந்த வாக்குவாதம் சிலருக்கு நினைவிருக்கலாம். நம் வகுப்பில் ஒருவன் பாங்கில் சேர்ந்து முப்பது வருஷம் யூனியன் வேலை பார்த்தவன். இன்னொருவன் ஃபாக்டரியில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் காலத்தில் சங்கம் எதற்கு, திறமை இருந்தால் ஒரு கம்பெனி இல்லாவிட்டால் இன்னொன்று என்றான் மேனேஜர். எனக்கு அன்று வாய் திறக்க மனசில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் என் தங்கை மகனைச் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தனி அறைக்குக் கூப்பிட்டு, ராஜினாமாக் கடிதத்தை அவர்களே அடித்து வைத்து, கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டுவிட்டான். கூட யாரையாவது கேட்டிருக்கலாமே என்றேன். யாரைக் கேட்பது மாமா என்று திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்வியோடுதான் வ.உ.சி.யின் வாழ்க்கையை மறுபடி புரட்டினேன்.

1872 செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். தகப்பனார் உலகநாத பிள்ளை வக்கீல். ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று படித்தார். கொஞ்ச நாள் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய உத்தியோகம், சர்க்கார் சம்பளம். மகன் அதோடு நின்றுவிடக் கூடாது என்று தகப்பனார் திருச்சிக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார். 1894-ல் பிளீடர் பரீட்சை தேறி, அடுத்த வருஷம் ஒட்டப்பிடாரத்தில் தொழில் ஆரம்பித்தார். கிரிமினல் கேஸ்களில் சீக்கிரமே பெயர் வந்தது. போலீஸ் ஜோடித்த கேஸ்களை உடைப்பார், ஏழைகளிடம் பீஸ் வாங்க மாட்டார். அதனால் உள்ளூர் அதிகாரிகளுக்கு ஆகவில்லை, தகப்பனாருக்கும் சங்கடம். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகள் கொஞ்சம் நிற்கட்டும். நம்மவன் ஒருவன் ஏறக்கூடிய உயரங்களில் வக்கீல் தொழில் ஒன்று. சொந்த வருமானம், யாருக்கும் கை கட்டி நிற்க வேண்டாம். இன்றைக்கு வெளிநாட்டுக் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிற பையன் எப்படியோ, அன்றைக்குத் தூத்துக்குடியில் வக்கீல் பிள்ளை அப்படி. தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் பங்களா கட்டியிருப்பார்.

கப்பல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் பத்து லட்சம் என்று திட்டம். முதலில் வாடகைக் கப்பல், அந்த வாடகையும் எதிரிகளின் நெருக்கடியால் போனது. பிறகு 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துச் சண்டை போட்டது. பெரிய கப்பல்கள் அன்றைக்குக் கரைக்கு வர முடியாது, சில மைல் தள்ளிக் கடலில்தான் நிற்கும். சரக்கும் ஆளும் தோணியில்தான் போக வேண்டும். தோணியில் நின்றவர்களில் பெரும்பாலோர் எங்கள் கடற்கரைப் பரதவர்கள்.

கவனித்துப் பார்த்தால், 1908-ன் தொடக்கத்தில் வ.உ.சி. ஒரு கம்பெனியை நடத்துகிறவர். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பணக்கார வியாபாரிகளின் தயவு அவருக்குத் தேவை. தொழிலாளர் பக்கம் போவதற்கு அவருக்கு ஒரு காரணமும் கிடையாது, போகாமல் இருக்க நூறு காரணம் உண்டு.

கோரல் மில் ஹார்வி கம்பெனியினுடையது. நம்மில் பலர் அதன் சங்குச் சத்தத்தில் எழுந்திருப்போம். பின்னாளில் அது மதுரா மில்ஸோடு சேர்ந்து, அப்புறம் மதுரா கோட்ஸ் ஆனது. 1908-ல் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள், சிறு பிள்ளைகள் உட்பட. விடியுமுன் உள்ளே போனால் இருட்டித்தான் வெளியே வரலாம். கூலி சொற்பம். பிழை செய்தால் அடியும் உண்டு. வயதுவந்த ஆண்களுக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்ற வரம்பே அன்று சட்டத்தில் இல்லை. பஞ்சாலைகளில் 12 மணி என்று வரம்பு வந்தது 1911-ஆம் வருஷச் சட்டத்தில்தான்.

ஆனால் வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 1891-ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டத்திலேயே இருந்தது. அப்படியிருந்தும் பதினேழு வருஷம் கழித்து, கோரல் மில் ஆட்கள் வைத்த கோரிக்கைகளில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் ஒன்று. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. புத்தகத்தில் இருக்கிற சட்டம் தானாக மில் வாசலுக்கு நடந்து வராது. அதை எடுத்துக்கொண்டு போய் மானேஜர் மேஜையில் வைக்க ஆள் வேண்டும், வைத்தவனை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடாமல் இருக்கப் பின்னால் கூட்டம் வேண்டும்.

மணப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. நம் கடற்கரையில் கிறிஸ்தவ ஊர்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். பூசைக்குப் போவதற்காக என்று சொல்வோம், அது உண்மையும்கூட. ஆனால் மீன் அள்ளிக்கொண்டு வருகிற சீசனிலும் ஒருத்தன்கூட வள்ளத்தை இறக்குவதில்லையே, அதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. ஊர் கட்டுப்பாடு. ஒருத்தன் போனால் அடுத்தவனும் போயாக வேண்டும், பிறகு யாருக்குமே ஓய்வு கிடையாது. இது படிக்காத பெரியவர்களுக்கே தெரிந்திருந்தது. 1530-களில் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை ஏழு ஊர்ப் பரதவர்களும் முத்துக்குளிக்கும் கடலைக் காப்பாற்றிக்கொள்ளப் போர்த்துக்கீசியரிடம் போனபோதும் தனித்தனியாகப் போகவில்லை, தலைவர்கள் கூடித்தான் போனார்கள். அதனால் எங்க ஊரில் யூனியன் என்ற வார்த்தை இல்லாவிட்டாலும் காரியம் இருந்தது. மில்லுக்கு வந்தவன் கதி வேறு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து ஒருவன், கடற்கரையிலிருந்து ஒருவன், சாதி வேறு, தெரு வேறு. அவர்களைக் கட்டிப்போட ஒரு ஊரும் இல்லை, ஒரு கோயிலும் இல்லை.

அந்தக் கூட்டத்தைத்தான் வ.உ.சி.யும், அந்த பிப்ரவரியில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்திருந்த சுப்பிரமணிய சிவாவும் ஒன்று சேர்த்தார்கள். மாலை நேரக் கூட்டங்களில் சுயராஜ்யத்தோடு மில் கூலியையும் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிர்வாகம் இரண்டு நாளில் பசி ஆளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கும். வ.உ.சி.க்கும் அது தெரியும். அதனால் அவர் முதலில் பார்த்த வேலை பேச்சு இல்லை, சோறு. வியாபாரிகளிடமும் வக்கீல்களிடமும் பணம் திரட்டினார், தன் கையிலிருந்தும் போட்டார், முடிந்தவர்களுக்கு ஊருக்குள் வேறு வேலை பிடித்துக் கொடுத்தார். ஊரும் கூட நின்றது. வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதிச் சவரத்தில் எழுந்து போய்விட்டார் என்பது தூத்துக்குடியில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிற கதை.

ஒன்பதாம் நாள், மார்ச் 6-ல், நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை. கல்கத்தாவில் அரவிந்தர் நடத்திய வந்தே மாதரம் பத்திரிகை தலையங்கம் எழுதிப் பாராட்டியது. இந்தியாவில் தொழிற்சங்கங்களைப் பதிவு செய்வதற்கென்று ஒரு சட்டமே இல்லாத காலத்தில் இது நடந்தது.

வெள்ளைக்காரன் மில் என்பதால்தானே வ.உ.சி. போனார், அதே இடத்தில் சுதேசி முதலாளி இருந்திருந்தால் போயிருப்பாரா என்று நம் மேனேஜர் நண்பன் கேட்பான். நியாயமான கேள்விதான். அரசியல் நோக்கமே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் தொழிலாளிகள் ஏமாந்து பின்னால் போனவர்கள் அல்ல. மார்ச் 12-ந் தேதி வ.உ.சி.யையும் சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அதே நாள்களில் தூத்துக்குடியில் கோரல் மில் ஆட்கள் மறுபடியும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஒன்பது நாள் கூலியை இழந்து, ஜெயித்து, உள்ளே போய் ஒரு வாரம்கூடச் சரியாக ஆகவில்லை. இந்தத் தடவை அவர்களுக்கென்று ஒரு கோரிக்கையும் இல்லை. ஜூலையில் திலகருக்குத் தண்டனை விதித்தபோது பம்பாய் மில் தொழிலாளிகள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்ததைச் சரித்திரப் புத்தகங்கள் பெரிதாக எழுதும். நம் தூத்துக்குடிக்காரன் அதற்கு நான்கு மாதம் முந்தி.

ஜூலை 7-ல் தீர்ப்பு. ஜட்ஜ் பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். ஹைகோர்ட்டில் குறைந்தது. கோயமுத்தூர் ஜெயிலிலும் கண்ணனூர் ஜெயிலிலுமாக 1912 டிசம்பர் 24 வரை இருந்தார். கோயமுத்தூரில் மாட்டுக்குப் பதில் செக்கில் கட்டினார்கள். சுதேசிக் கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்க்க வாங்கினாரோ அந்தக் கம்பெனிக்கே விலைபோனது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது நாள் வெற்றியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சங்கம் என்று ஒன்று பிறக்கவில்லை. சந்தா இல்லை, ரசீது புத்தகம் இல்லை, மில்லுக்கு உள்ளேயே வேலை செய்கிற ஒரு செயலாளர், ஒரு பொருளாளர் இல்லை. எல்லாமே ஒரு மனுஷன் வாக்கில் நின்றது. பணம் அவர் முகத்துக்காக வந்தது, பேச்சுவார்த்தை அவர் பெயரால் நடந்தது. கலெக்டர் விஞ்சுக்கு ஆயிரம் பேரைப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஓர் ஆளைப் பிடித்தால் போதும் என்றாகிவிட்டது. அவர் போன பிறகு பேரம் பேச ஒரு மேஜையும் இல்லை, உட்கார ஒரு நாற்காலியும் இல்லை. நமக்கு எப்போதும் ஒரு பெரிய மனுஷன் வந்து நல்லது செய்ய வேண்டும். அவர் ஜெயிலுக்குப் போனால் மாலை போடுவோம், வெளியே வந்தால் அடையாளம் தெரியாது. வ.உ.சி. விடுதலையானபோது ஜெயில் வாசலில் கூட்டம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சங்கம் இருந்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்தேன். வக்கீல் சன்னத்தைப் பறித்துவிட்டார்கள். நாற்பது வயதில், மனைவி மக்களோடு, சென்னையில் மண்ணெண்ணெய்க் கடையும் மளிகைக் கடையும் வைத்துப் பார்த்தார். வியாபாரம் அவருக்கு வரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர் குடும்பத்துக்கென்று திரட்டி, காந்தியிடம் இருந்த 347 ரூபாய் 12 அணாவுக்காக 1915, 1916-ல் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியைக் கட்டியவர்!

ஆனாலும் மனுஷன் தொழிலாளி பக்கத்தை விடவில்லை. 1918 ஏப்ரல் 27-ல் சென்னையில் பி.பி.வாடியா தலைமையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. அதற்கு அஸ்திவாரம் போட்டவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற பெரம்பூர்க் கடைக்காரர்கள். பின்னி மில்லின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகள்தான் உறுப்பினர்கள். திரு.வி.க. அதில் முழுமூச்சாக இறங்கினார். வ.உ.சி.யும் தொழிலாளர் கூட்டங்களில் போய்ப் பேசினார். இந்த முறை அவர் கதாநாயகன் இல்லை, பலரில் ஒருவர். எனக்கு அது பிடித்திருக்கிறது. தூத்துக்குடியில் இல்லாத ரசீது புத்தகம் பெரம்பூரில் இருந்தது.

அதுவும் லேசில் நிற்கவில்லை. பின்னி கம்பெனி வாடியா முதலானவர்கள் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, ஹைகோர்ட்டில் தடையுத்தரவும் வாங்கியது. தொழிலாளியை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டியது ஒப்பந்தத்தை மீறச் செய்த குற்றம் என்பது வாதம். அந்த அடியில்தான் சட்டம் இல்லாமல் முடியாது என்று எல்லோருக்கும் உறைத்தது. 1921-ல் என்.எம்.ஜோஷி டில்லி சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அந்தச் சட்டம். ஏழு பேர்! 1908-ல் ஆயிரம் பேருக்குக் கிடைக்காத பாதுகாப்பு.

சங்கங்கள் எல்லாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. கட்சிக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு சங்கம், போர்டு வைக்கிற சண்டையில் மெம்பரை மறந்த தலைவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பின்னி மில் 1996-ல் மூடப்பட்டதற்குச் சங்கம்தான் காரணம் என்று மேனேஜர் நண்பன் சாதிப்பான். சங்கமே இல்லாத மில்களும் மூடிக் கிடக்கின்றனவே என்று பாங்க் நண்பன் திருப்புவான். இரண்டு பேரும் விடிய விடியப் பேசட்டும். என் கேள்வி சின்னது: அந்தத் தனி அறையில் கடிதத்தை நீட்டும்போது பையனுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் உண்டா இல்லையா? சாஃப்ட்வேர்க்காரர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. என் மருமகனுக்கு அது தெரியாது, அவன் கூட வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாது. தெரிந்தாலும் சுலபம் இல்லை. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதில் முக்கியமானது சங்கத்துக்குப் பதிவு. அது கிடைத்தது 2025 ஜனவரியில். கோரல் மில் ஆட்கள் ஒன்பது நாளில் கூலியை வாங்கிவிட்டார்கள். இவர்களுக்குப் பெயரைப் பதிவு செய்யவே மாதக்கணக்கானது. ஆனால் இவர்கள் வாங்கியது ஒரு தலைவர் உள்ளே போனாலும் இருக்கும்.

மீதிக் கதை கொஞ்சம்தான். 1920-ல் காங்கிரசை விட்டு விலகினார். கோயமுத்தூரில் சில வருஷம் வேலை பார்த்தார். பறிபோன சன்னது திரும்பக் கிடைத்தது வாலஸ் என்ற வெள்ளைக்கார ஜட்ஜ் மூலம். திருநெல்வேலியில் இருந்த காலத்திலேயே அவருக்கு வ.உ.சி.யைத் தெரியும். அந்த நன்றியில் தன் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்தவருக்கு வெள்ளைக்காரன் மேல் வெறுப்பு இல்லை பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேல் கோவில்பட்டியில் மறுபடி கறுப்புக் கோட்டு. பழைய வருமானம் திரும்பவில்லை. இடையில் குறளுக்கு உரை, தொல்காப்பிய இளம்பூரணப் பதிப்பு, ஜேம்ஸ் ஆலன் நூல்களின் மொழிபெயர்ப்பு என்று ராத்திரியில் தமிழ் வேலை. 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடி காங்கிரஸ் ஆபீசில் உயிர் பிரிந்தது. கட்சியை விட்டாலும் கடைசி மூச்சு அங்கேதான் என்று ஆசைப்பட்டார். அதற்கு முன்னால் எழுதிவைத்த உயிலில் யார் யாருக்கு என்ன பாக்கி என்று ஒழுங்காகக் கணக்கு இருக்கிறது. எண்ணெய்க்கடை பாக்கி, ஜவுளிக்கடை பாக்கி. கோரல் மில் ஆட்கள் சாப்பாட்டுக்கு 1908-ல் அவர் கையிலிருந்து எவ்வளவு போனது என்ற கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை.